கடல் கொண்டுபோன வீட்டைப் பாடியவர்

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் அக்கா படுத்திருந்தபோதுதான் அந்தப் பாட்டு எனக்குக் கிடைத்தது. கட்டிலருகே உட்கார்ந்து சும்மா போன் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தேன். ஒரு கிடார், ஓர் ஆண் குரல், அவ்வளவுதான். குருசுக்குப்பத்தில் கடல் அரித்துக்கொண்டு போன தன் வீட்டைப் பற்றி அவரே எழுதிப் பாடியிருந்தார். அதைக் கேட்டவர்கள் மிகச் சிலர்தான். எனக்கு உடம்பு சிலிர்த்தது. உடனே இயர்போனை அக்கா காதில் வைத்தேன்.

கண்ணை மூடிக் கேட்டாள். "இவனுக்குப் பொய்யா பாடத் தெரியலடி. நல்லானதும் நேர்ல போயி கேக்கணும்."

அக்கா வீடு திரும்பவில்லை.

காரியம் முடிந்து சில வாரங்கள் கழித்து, கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் அந்தப் பாடகர் சனிக்கிழமைகளில் பாடுவது தெரிந்து, தனியாகப் போனேன். வரிசையாகச் சினிமாப் பாட்டுகள் பாடிக்கொண்டிருந்தார். இடைவெளியில் அருகில் போய் அந்தப் பாட்டைப் பாடச் சொன்னேன்.

அவர் திகைத்துப்போனார். "அதக் கேட்டிருக்கீங்களா மேடம்? இங்க பாடினா மொதலாளி திட்டுவாரு."

"எங்க அக்கா நேர்ல கேக்கணும்னு ஆசப்பட்டாங்க. இப்ப அவங்க இல்ல."

கிடாரை மடியில் சரியாக வைத்துக்கொண்டு பாடத் தொடங்கினார். மேசைகளில் பேச்சு நிற்கவில்லை. "குத்துப் பாட்டு பாடுப்பா!" என்று ஒருவர் கத்தினார். பாடகர் கடைசி வரி வரைக்கும் பாடினார். நான் மட்டும் கைதட்டினேன். அழுகையை அடக்க முடியவில்லை.

அடுத்த சனிக்கிழமையும் போனேன். அவர் உட்காரும் மூலையில் பெரிய டிவி ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவர நிறுத்திட்டாங்க மேடம்" என்றார் பரிமாறுபவர். "என்ன சாப்புடறீங்க?"