ஒரு நொடியில் ஏறிய லோடு

வாங்கிய தக்காளியில் ஒன்று நசுங்கியிருந்தால்கூட என் அப்பா திரும்பிப் போய் மாற்றிக்கொண்டுதான் வருவார். டார்ச் லைட் பேட்டரி ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டது என்று அரியலூர் கடைத்தெருவில் அரை மணி நேரம் நியாயம் கேட்டவர். அப்படிப்பட்டவர் ஒரே ஒரு பொருளை மட்டும், கெட்டுப்போனது என்று தன் வாயாலேயே சொல்லிக்கொண்டு, மாற்றாமல் வைத்திருந்தார். அது ஒரு ஹார்டு டிஸ்க்.

அதை வாங்கியபோது எனக்குப் பன்னிரண்டு வயது. அண்ணன் இறந்து ஒன்றரை வருடம் ஆகியிருந்தது. பெரம்பலூரில் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்தான். திருச்சி ரோட்டில் நண்பனுடைய பைக்கில் போனவன் திரும்பி வரவில்லை. அவன் படிப்புக்காக வாங்கிய கம்ப்யூட்டர் மட்டும் வீட்டில் இருந்தது. செல்போனில் அவன் எடுத்த படங்களும் வீடியோக்களும் அதற்குள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அப்பாவும் அவற்றைப் போட்டுப் பார்ப்போம். அம்மா அந்த அறைப் பக்கமே வரமாட்டாள். கூப்பிட்டால், "எனக்குத் தைரியம் வரட்டும், அப்பறம் பாத்துக்கறேன்" என்பாள்.

எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல் புழுதி முருங்கை இலையையே விடாது. கம்ப்யூட்டரை விடுமா? உள்ளே இருந்த ஃபேன் கத்த ஆரம்பித்தது. பாதியில் தானாக அணைந்தது. ஒருநாள் கருகல் வாடை வந்ததும் அப்பா பயந்துபோனார். பழசைக் கொடுத்துவிட்டுப் புதுசு எடுப்பது, அதற்கு முன்னால் எல்லாவற்றையும் ஒரு ஹார்டு டிஸ்க்கில் ஏற்றிக்கொள்வது என்று முடிவானது. அப்பா வீடியோ, படம் என்றெல்லாம் சொல்லவில்லை. "அவன பத்திரமா ஏத்தி வச்சிரணும் பாப்பா" என்றார்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கடை. கடைக்கார பாய் லப்பைக்குடிக்காட்டுக்காரர், துபாயில் சில வருடம் இதே தொழில் பார்த்துவிட்டு வந்தவர். அப்பா அவரைக் கேட்ட கேள்விகள் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பவர் கேட்பவை மாதிரி இருந்தன. எத்தனை வருசம் உழைக்கும், கீழே விழுந்தால் தாங்குமா, மழையில் நனைந்தால் என்ன ஆகும். எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"மொத்தம் எவ்ளோங்க இருக்கும்?" என்று பாய் கேட்டார்.

"நாலு ஜிபி" என்று நான் முந்திக்கொண்டேன்.

"அதுக்கு இந்தச் சின்னதே அதிகம்ண்ணே. பெருசு வாங்குனா முழுக்கக் காலியால்ல கெடக்கும்?"

"கெடக்கட்டும் பாய்," என்றார் அப்பா. "நெருக்கடி இல்லாம இருக்கட்டும்."

பாய் அப்பாவை ஒரு கணம் பார்த்தார். பிறகு பெரியதையே எடுத்து அட்டைப்பெட்டியில் வைத்தார். ரிப்பேர் என்றால் கேள்வி கேட்காமல் மாற்றித் தருவார்கள் என்று வாரண்டி அட்டையையும் காட்டினார்.

பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டரில் வீடு வரைந்து, அதன் மேல் சூரியனும் வரைந்து பரிசு வாங்கியிருந்ததால் வீட்டில் நான்தான் நிபுணர். திரையின் ஓரத்தில் அண்ணன் பெயரில் ஒரு மஞ்சள் ஃபோல்டர் இருந்தது. அதன் கீழ் மூலையில் சின்னதாக ஓர் அம்புக்குறி. அதைக் காப்பி செய்து ஹார்டு டிஸ்க்கில் ஒட்டினேன். கண்ணை மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது.

அப்பா சுரங்கத்தில் டிப்பர் ஓட்டுகிறவர். கல் ஏற ஆகும் நேரத்தை வைத்தே லோடு குறைகிறதா என்று சொல்லிவிடுவார். "என்னா பாப்பா, அதுக்குள்ள லோடு ஏறிடுச்சா?" என்றார்.

"புது டிஸ்க்குப்பா. இது என்ன உங்க டிப்பரா?" என்று சிரித்தேன்.

அவருக்கு மனம் ஒப்பவில்லை. திறந்து காட்டச் சொன்னார். டிஸ்க்கில் இருந்த ஃபோல்டரைத் திறந்து ஒரு வீடியோவைத் தட்டினேன். அண்ணன் வந்தான். கேமராவைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டு, "யம்மா, இங்க பாரேன்" என்று சிரித்தான். வீடியோ முடியும்வரை அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. அப்பா தலையை ஆட்டினார்.

பழைய கம்ப்யூட்டர் பாய் கடைக்குப் போய், புதியது வந்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் வந்தது. அன்றைக்கு அம்மா அந்த அறை வாசலில் வந்து நின்றாள். தலை வாரி, வேறு புடவை கட்டியிருந்தாள். நான் டிஸ்க்கை மாட்டினேன். அண்ணனின் பெயர் வந்தது. தட்டினேன். எதுவோ காணவில்லை என்று ஆங்கிலத்தில் ஒரு கட்டம் எழுந்து நின்றது. மறுபடி தட்டினேன். மறுபடியும் அதுவே வந்தது. அப்பா டிஸ்க்கைக் கழற்றித் துண்டால் துடைத்துக் கொடுத்தார். அம்மா எவ்வளவு நேரம் நின்றாள் என்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தபோது வாசலில் அவள் இல்லை.

மறுநாளே பஸ் ஏறிக் கடைக்குப் போனோம். பாய் டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "பாப்பா, பக்கத்துக் கடையில நான் சொன்னேன்னு சொல்லி ஒரு சர்பத் குடிச்சுட்டு வாம்மா" என்றார். நான் கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துக்கொண்டே குடித்தேன். பாய் கையை ஆட்டி ஏதோ விளக்கினார். நடுவில் அப்பா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். எங்கள் பழைய கம்ப்யூட்டரைப் பிரித்துத் திருச்சிக்கு அனுப்பியாகிவிட்டது என்பது மட்டும் கதவு வழியே காதில் விழுந்தது.

வெளியே வந்து, "டிஸ்க்கு கோளாறாம் பாப்பா. கம்பெனிக்காரன் தப்பு" என்றார்.

"அப்ப மாத்திக் கேளுங்கப்பா! வாரண்டி இருக்குல்ல?"

"பேசாம வா."

அம்மாவிடமும் அதையேதான் சொன்னார். அம்மா பல வருடங்கள் அந்தக் கம்பெனிக்காரனைத் திட்டினாள். "என் புள்ளையத் தின்னுட்டானே, அவன் வெளங்குவானா" என்பாள். அப்பா என் முகத்தைப் பார்க்காமல், "ஆமா" என்பார். டிஸ்க்கை அண்ணனுடைய மார்க் ஷீட்டுகளோடு பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார்.

கல்லூரியில் முதல் வாரம், லேபில் டீச்சர் போர்டில் ஒரு ஃபோல்டரை வரைந்து அதன் மூலையில் ஓர் அம்புக்குறி போட்டார். இது ஷார்ட்கட், இருக்கும் இடத்துக்கு வழி மட்டும்தான் காட்டும், இதைக் காப்பி செய்தால் வழிதான் வரும், பொருள் வராது என்றார். டிஸ்க்கைப் பழைய கம்ப்யூட்டரில் செருகியிருந்தவரை அந்த வழி திறந்தது. அந்தக் கம்ப்யூட்டர் போனதும் அண்ணனும் போய்விட்டான். அவனை அனுப்பியது நான். வராந்தாவுக்கு ஓடிப்போய் அழுதேன்.

இதை அப்பாவிடம் நான் இதுவரை பேசியதில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டும். எனக்கும் தைரியம் வரட்டும் என்று காத்திருக்கிறேன்.

அன்று பெரம்பலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரத்தை எனக்குக் கொடுத்துவிட்டு, அப்பா அந்த டிஸ்க்கை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வந்தார். ஊர் வரும்வரை நான் அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. தக்காளிக்குச் சண்டை போடுகிறவர் அண்ணனுக்காக ஒரு சண்டை போடவில்லையே என்று எனக்கு அவ்வளவு கோபம்.