எருமைப் படமும் வெட்டுப்பட்ட கையெழுத்தும்

சனிக்கிழமை காலை கண்காட்சி. வெள்ளிக்கிழமை மதியம் படங்களை எடுக்க செல்லூர் ஃப்ரேம் கடைக்குப் போனேன். அங்கே பார்த்ததும் எனக்குத் தலை சுற்றிவிட்டது.

நான் ஸ்கிரீன் பிரிண்டிங்கிலேயே தலை நரைத்தவன். கல்யாணப் பத்திரிகை, கட்டைப்பை, கட்சிக்கொடி எல்லாம் அடித்திருக்கிறேன். ஆர்ட் பிரிண்ட் அடித்தது மலர்விழி டீச்சருக்காக மட்டும்தான். ரிட்டயரான டிராயிங் டீச்சர். வைகையில் எருமைகள் குளிப்பதை அவர் வரைந்திருந்தார். அதைப் பிரிண்ட் போட்டு விற்று, ஒரு பவர்லூம் தொழிலாளியின் மகளை யுனிவர்சிட்டியில் சேர்ப்பதென்று அவருடைய பழைய மாணவர்கள் முடிவு செய்தார்கள். பிள்ளைக்கு எம்.எஸ்ஸி. சீட் கிடைத்துவிட்டது. திங்கட்கிழமை ஃபீஸ் கட்டாவிட்டால் அது அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

ஆர்ட் பிரிண்டுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்துக்குக் கீழே விட்ட வெள்ளை மார்ஜினில் ஓவியர் பென்சிலால் கையெழுத்துப் போட்டு, மொத்தத்தில் அது எத்தனையாவது பிரிண்ட் என்றும் எழுதுவார். அந்த மொத்தத்துக்குமேல் ஒன்றுகூட அடிக்கக்கூடாது. படம் அழியும்படி ஸ்கிரீனைக் கழுவிவிட வேண்டும். நானும் கழுவிவிட்டேன். டீச்சருக்கு மூட்டுவாதம், விரல் மடங்காது. நாள்கணக்கில் உட்கார்ந்து போட்ட கையெழுத்துகள் அவை.

ஃப்ரேம் கடை பாண்டி அந்த மார்ஜினைத்தான் வெட்டி எறிந்திருந்தார். சாமி படமும் காலண்டர் படமும் ஃப்ரேம் போட்டுப் பழகிய கை.

"வெள்ளை தெரிஞ்சா பாக்க நல்லாவாண்ணே இருக்கும்? அதுல வேற யாரோ பென்சில்ல கிறுக்கி வச்சிருந்தாக. நான்தான் நீட்டா எடுத்துவிட்டேன்" என்றார் பெருமையாக.

பாதிப் படங்களுக்கு மேல் மார்ஜின் போய்விட்டது. வெட்டிய துண்டுகளைக் குப்பை வண்டி அள்ளிக்கொண்டு போயிருந்தது.

பழைய மாணவர் சங்கச் செயலாளர் கே.கே. நகர்க்காரர், வசதியானவர். பாண்டியை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டு, அப்படியே விற்றுவிடலாம், நல்ல காரியம்தானே, யார் கேட்கப் போகிறார்கள் என்றார். டீச்சர் சம்மதிக்கவில்லை. பாண்டியை ஒரு வார்த்தை திட்டவும் இல்லை. கட்டிங் பிளேயரும் ஆணியும் எடுத்துக்கொண்டு கண்காட்சிக்கு வரச் சொன்னார், அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தவர்களிடமெல்லாம் நடந்ததை டீச்சரே சொன்னார். வாங்குகிறவர் முன்னாலேயே பாண்டி ஃப்ரேமைப் பிரித்துப் படத்தை எடுத்துக் கொடுத்தார். படத்தில் தண்ணீர் வெளுத்திருந்த இடத்தில் டீச்சர் கையெழுத்தும் எண்ணும் போட்டார். பாண்டி மறுபடி மூடினார். வரிசை வாசல்வரை நீண்டது. மதியத்துக்கு மேல் டீச்சருக்கு விரல் ஓடவில்லை. பென்சில் நழுவி நழுவி விழுந்தது. பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

வரிசையில் நின்ற பழைய மாணவர் ஒருவருக்கும் பொறுக்கவில்லை. "போதும் டீச்சர். நீங்க வரைஞ்சதுன்னு எங்களுக்குத் தெரியாதா? அந்தப் பிள்ளை படிக்கத்தானே தாரோம்."

"பொருள் முழுசா இருந்தாத்தான்யா அது வியாபாரம். அரைகுறையாக் குடுத்துக் காசு வாங்குனா, அந்தப் பிள்ளை பேரச் சொல்லி நான் பிச்சை எடுத்த மாதிரி ஆயிரும். செத்த நில்லு."

வெந்நீர் டம்ளரைப் பிடித்து விரலைச் சூடாக்கிக்கொண்டு மறுபடி பென்சிலை எடுத்தார். ஒருவரும் வரிசையை விட்டுப் போகவில்லை. மார்ஜினோடு நல்ல படம் வாங்கிப்போன ஒருவர் திரும்பி வந்து, தன்னுடையதையும் வெட்டிவிட்டுத் தன் கண்முன்னால் கையெழுத்துப் போட்டுத் தரச் சொன்னார். பாண்டி பிளேடை எடுத்தேவிட்டார். நான்தான் கையைப் பிடித்தேன்.

எல்லாம் விற்றது. திங்கட்கிழமை ஃபீஸும் கட்டியாயிற்று.

தொழிலுக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு ஒன்று சொல்வேன். நல்ல காரியத்துக்குத்தானே என்று சரக்கில் கொஞ்சம் முன்னே பின்னே விட்டுவிடத் தோன்றும். விடாதீர்கள். ஏன் என்பது, அந்தப் பிள்ளை நன்றி சொல்ல வந்த அன்று எனக்கு விளங்கியது. காலில் விழக் குனிந்தவளை டீச்சர் தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"எதுக்குத்தா குனியிற? காசு குடுத்தவுகளுக்குப் படம் போயிருச்சு. நீ யாருக்கும் கடன்பட்டவ இல்ல. போயிப் படி."