கோல் விழும்போது உறைந்த படம்

வேண்டுமென்றே டிவியைக் கெடுத்தாளாமே லவோன்! சொல்கிற வாய்க்கு வெட்கம் வேண்டாமா? அமெரிக்காவில், மின்னசோட்டாவின் வடகோடியில், எங்கள் ஊர் டெலிபோன் கூட்டுறவுச் சங்கத்தில் லைன் வேலை பார்க்கிறவள்; அவள் கை படாத ரௌட்டர் எந்த வீட்டில் இருக்கிறது?

எங்களுக்கு வருவது பழைய செம்புக் கம்பி. அந்த ஒற்றைக் கம்பிக்குள் போனுக்கு ஒரு பாதை, டிவிக்கு ஒரு பாதை, இன்டர்நெட்டுக்கு ஒரு பாதை என்று ரௌட்டரில் பிரித்துவிட வேண்டும். நெரிசல் வந்தால் எது முந்துவது என்றும் சொல்லிவைக்க வேண்டும். போன வருஷம் பள்ளிக்கூட ஐஸ் ஹாக்கிப் போட்டிக்காக, சங்க மேனேஜர் ஆரின் வீட்டுக்கு வீடு டிவியை முந்தவிட்டார். அன்றைக்குத்தான் எண்பது தாண்டிய டில்டா சமையலறையில் வழுக்கி விழுந்து லவோனைக் கூப்பிட்டாள். குரல் துண்டு துண்டாக வந்தது. லவோனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆட்டம் முடியும்வரை டில்டா தரையிலேயே கிடந்தாள். ஊருக்கு அதுவா பெரிது? நாம்தான் ஜெயித்தோமே!

இந்த மார்ச்சில் லவோன் எல்லா வீட்டு ரௌட்டரிலும் போனை முந்தவிட்டாள். எங்கள் சனம் சும்மா இருக்குமா? ஹாக்கி வட்டு வலைப்பக்கம் போனாலே ஒருவரையொருவர் போனில் கூப்பிட்டுக் கத்துகிற கூட்டம். அரையிறுதியில் கடைசி கோலுக்கு ஊரே போனும் கையுமாக நின்றது. மிச்சம் இருந்த வழி டிவிக்குப் பற்றவில்லை. படம் உறைந்துபோனது.

மறுநாள் சங்க ஆபீசில் பெர்னிஸ் வந்து குதித்தாள். "நல்லா ஓடிட்டிருந்த டிவி. இவ கை வச்சா, போச்சு!"

"அந்த நேரம் நீ யாருகிட்ட பேசிட்டிருந்தே, பெர்னிஸ்?" என்றாள் லவோன்.

"என் தங்கச்சிகிட்டதான். 'உனக்காவது படம் தெரியுதாடி'ன்னு கேட்டுட்டிருந்தேன்."

"போனை வச்சிருந்தா தெரிஞ்சிருக்கும்."

"கோல் விழறப்போ எவளாவது போனை வைப்பாளா?"

ஆரின் காப்பியை உறிஞ்சினார். "நாளைக்கு ஃபைனல், லவோன். டிவியை முன்னால மாத்திடு."

"டில்டா மறுபடி விழுந்தா?"

"இடைவேளையில விழச் சொல்லு."

பெர்னிஸ் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். ஞாயிறு தவறாமல் சர்ச்சில் டில்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கும்பிடுகிறவள்!

லவோன் சங்கத்து வண்டிச் சாவியை ஆரினின் காப்பிக்குள் போட்டாள்.

"ஏய், எங்க போறே? யாரு மாத்துவா?" என்று கத்தினார் ஆரின்.

எங்கள் ஊரில் நாலு தடவை 'போய்ட்டு வரேன்' சொல்லாமல், வாசலில் நின்று அரைமணி பேசாமல், யாரும் கிளம்பியதில்லை. லவோன் ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கதவை விரியத் திறந்துபோட்டு, பனியில் டில்டா வீட்டுப் பக்கமாக நடந்தாள்.