அண்ணன் அளந்த கதவுகள்

அண்ணன் இல்லாமல் ஓராண்டு கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரில் போட, அவர் சேவை செய்யும் படம் ஒன்று வேண்டுமென்று சமூக சேவை மன்றத்தாரிடம் கேட்டோம். நிறையக் கொடுத்தார்கள். பதாகை இருக்கிறது, பொன்னாடை இருக்கிறது, சக்கர நாற்காலி இருக்கிறது. அண்ணனைத்தான் காணோம். அந்த நேரத்தில் அவர் பின்கட்டில் சிமெண்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்திருப்பார்.

சிம்பாங் அம்பாட் பக்கத்துத் தோட்டமொன்றில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர் அண்ணன். அப்பா சீக்கிரமே தவறியதால் படிப்பை நிறுத்திவிட்டுச் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் வேலைக்கு ஏறினார். என்னைப் படிக்க வைத்ததும் கட்டிக்கொடுத்ததும் அவர்தான். கோபக்காரர். குழம்பில் உப்புக் குறைந்தால் அண்ணியிடம் பேச மாட்டார். தட்டில் மட்டும் ஒரு பருக்கை மிஞ்சாது.

எங்கள் வட்டாரச் சமூக சேவை மன்றம், வசதியற்ற உடற்பேறு குறைந்தோருக்குச் சக்கர நாற்காலி வழங்கிவந்தது. ஏற்றிப்போக அண்ணனின் லோரியைக் கேட்டார்கள். முதல் முறை ஒரு தோட்டத்து வீட்டில், கால் விளங்காத ஓர் அம்மாவுக்கு மாலை போட்டு, நாற்காலியில் உட்காரவைத்துப் படமும் எடுத்தாயிற்று. பிறகுதான் தெரிந்தது, நாற்காலி வாசற்கதவுக்குள் நுழையவில்லை. அத்தனை பேர் பார்க்க, அவர் மகன் அவரைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். அந்த அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். அண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

“கதவ அளக்காம நாற்காலி குடுத்தா, அது என்னா உதவிங்க தலைவரே?” என்று மன்றத் தலைவரிடமே கேட்டார்.

தலைவர் கோபித்துக்கொள்ளவில்லை. “அப்ப நீங்களே அளந்துட்டு வாங்க தம்பி,” என்றார்.

அப்படித்தான் அண்ணன் மன்றத்தில் சேர்ந்தார். செர்காம் கடலோர வீடானாலும் தோட்டத்து வீடானாலும், நாற்காலி போவதற்கு முன்பே அளவு நாடாவோடு போய்விடுவார். கதவுநிலையை அகலப்படுத்துவார், படியோரம் சாய்வாகச் சிமெண்டுப் பாதை போடுவார். நாற்காலிக்காரர் தாமே உருட்டிக்கொண்டு வெளியே வந்த பிறகுதான் படம் எடுப்பது என்பது மன்றத்து வழக்கமாகவே ஆகிவிட்டது.

பிறகு சர்க்கரை நோய் அண்ணனின் வலது காலை வாங்கிக்கொண்டது. மருத்துவமனையிலிருந்து மன்றத்து நாற்காலியில் பத்து பெரண்டாம் ஊரிலிருந்த தம் வீட்டுக்கு வந்து இறங்கினார். ஊர்க் கதவையெல்லாம் அளந்தவர், சொந்த வீட்டுக் கதவை அளந்ததில்லை. நாற்காலி வாசலிலேயே நின்றுவிட்டது. அண்ணி அழுதார். என் கணவர் அண்ணனைத் தூக்கக் குனிந்தார்.

“தூக்காதீங்க மாப்ள. நான் என்னா அரிசி மூட்டையா?”

வெயிலில் அப்படியே உட்கார்ந்திருந்தார். மன்றத்துச் சகோதரர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து நிலையை உடைத்தார்கள். “அவசரப்படாதீங்க லா, செவுரு விரிசல் விடும்,” என்று அண்ணன் அங்கிருந்தே அதட்டிக்கொண்டிருந்தார். பொழுது சாய்கையில் படிமேல் பலகை போட்டார்கள். அண்ணன் தாமே உருட்டிக்கொண்டு உள்ளே போனார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

பலகை இருந்த இடத்தில் பிறகு சிமெண்டுப் பாதை வந்தது. மாலையில் ரொட்டிக்காரர் மோட்டார் சத்தம் கேட்டால் போதும், அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு வாசல் கேட்டுக்குக் கிளம்பிவிடுவார். சர்க்கரைக்காரருக்கு ரொட்டி எதற்கு என்று அண்ணி திட்டுவார். அவருக்கு ரொட்டி வேண்டியதில்லை. போய்வருவதுதான் வேண்டும்.

சிறுநீரகமும் கைவிட்ட கடைசி நாள்களில் என்னிடம் சொன்னார்: “பாப்பா, நாற்காலிய வீட்ல வச்சு மாலை போட்டுக்கிட்டு இருக்காதீங்க. மன்றத்துக்குக் குடுத்துருங்க. கதவ அளந்துட்டுக் குடுக்கச் சொல்லு.” அந்த நாற்காலி இப்போது செர்காமில் ஒருவரிடம் இருக்கிறது. தலைவரே போய்க் கதவை அளந்தார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்கள், தாதியர்கள், துக்கத்தில் அண்ணிக்குத் துணையிருந்த அக்கம்பக்கத்தார், உறவினர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. மன்றத்துச் சகோதரர்களுக்குத் தனியே சொல்ல வேண்டும். நீங்கள் அகலப்படுத்திய கதவு வழியாகத்தான் பெட்டி வெளியே வந்தது. எங்கும் இடிக்கவில்லை. நீங்கள்தான் தோள் கொடுத்தீர்கள். தம்மைத் தூக்க யாரையும் விடாத எங்கள் அண்ணன், அன்று மட்டும் ஒன்றும் சொல்லவில்லை.

— தங்கை