தண்ணீர் குடிக்கும் சுவர்

செஞ்சியில், அவலூர்பேட்டை சாலையில் சிப்பிக்காளான் வளர்த்து விற்கும் அந்த அம்மாவை ஒரு சித்திரை மதியத்தில் சந்தித்தேன். ஒல்லியான உருவம், முழங்கைவரை ஈரம். கொட்டகையின் பூசாத செங்கல் சுவரில் தண்ணீர் அடித்துவிட்டு, குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பதுபோல் புறங்கையை வைத்துப் பார்ப்பார். வெளியே வெயில் பொரித்தது. உள்ளே ஏசி போட்டதுபோல் இருந்தது.

“பூசிட்டா செவுரு தண்ணி குடிக்காது சார். சூடு ஏறுனா நாளைக்கு அறுக்கவேண்டிய காளான் மொத்தமும் பூடும்” என்றவர், ஆடு நுழையாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மோட்டார் போடப் போனார்.

ஆவியாதல் பற்றி நான் நிறையப் படித்தவன். அதனால், குளிர்ச்சியெல்லாம் வெளியே போகிறதே என்று பதறி இரண்டு ஜன்னல்களையும் சாத்தினேன்.

அரைமணி கழித்து வந்து சுவரைத் தொட்டதும் அவர் முகம் மாறியது.

“இன்னா சார் பண்ணி வெச்சிருக்க? காத்து போவலன்னா ஈரம் எப்படி காயும், செவுரு எப்படி குளிரும்? உன் ஊட்ல ஈரத்துணிய பொட்டிக்குள்ள வெச்சுதான் காயவெப்பாங்களா?”

ஜன்னல்களைத் திறந்து, ஒரு முறத்தை என்னிடம் நீட்டினார். “சாத்துன கையாலயே வீசு.”

ஒரு மணி நேரம் வீசினேன். சுவர் மறுபடியும் குளிர்ந்தது, காளான்கள் பிழைத்தன. வியர்வையில் சட்டை நனைந்து ஜன்னலோரம் சரிந்தேன்.

“அங்கியே குந்து சார். காத்து பட்டா நீயும் ஜில்லுன்னு ஆயிடுவ.”

காற்று வந்தது. ஆனேன். என்னையும் செங்கல் கணக்கில் சேர்த்துவிட்ட அவர்மேல் ஏன் எனக்குக் கோபமே வரவில்லை என்பதுதான் இன்றுவரை புரியவில்லை.