பூண்டுப்பால்

பேருந்து நிலையத்துப் பாலூட்டும் அறையின் வாசலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் பூண்டு உரிப்பான் அன்புச்செல்வன். ஆட்டோக்காரன். உள்ளே அவன் மனைவி ஆரோக்கியசெல்வி குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருப்பாள். உரிக்கிற பூண்டு நாளைக்கு. இன்றைக்கான பூண்டுப்பால் பக்கத்திலே ஃபிளாஸ்க்கில் இருக்கும். அந்த வாடைக்கு, பக்கத்திலிருக்கிற என் புத்தகக் கடைக்கு வருகிற நாலு பேரும் ஒதுங்கிப் போவார்கள். சொன்னால் சிரிப்பான். "பாலு ஊறணும் இல்ல சார்!"

பிரசவமான புதிதில், திண்டிவனத்தில், அவளுக்குக் காய்ச்சல் கண்டு பால் சுரக்கவில்லை. "இவளுக்கு எங்கடா பாலு? போயி டப்பாப் பாலு வாங்கினு வா" என்றாள் இவன் அம்மா. இந்த மகாராசனும் மறுபேச்சில்லாமல் போய் வாங்கி வந்தான். டப்பாவைப் பார்த்தவள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு விழுப்புரத்துக்குத் தாய்வீடு வந்துவிட்டாள். இங்கே வந்ததும் பால் நன்றாகவே ஊறியது. புருஷனிடம் மட்டும் பேச்சு நின்றுபோனது.

பின்னாலேயே ஆட்டோவோடு இவனும் வந்துவிட்டான். அவள் பேருந்து நிலையத்துக்கு எதிரே துணிக்கடையில் வேலைக்கு நிற்கிறாள். மதியம் குழந்தையை மாமியார் வீட்டு வாசலில் வாங்கிக்கொண்டு வருவான். வாசலுக்கு உள்ளே அனுமதி இல்லை.

"பாப்பா, உங்கம்மா சாப்டாளான்னு கேளு."

"சாப்டாச்சுன்னு சொல்லு பாப்பா."

அவர்கள் குடித்தனம் அவ்வளவுதான். பூண்டுப்பாலை மட்டும் மிச்சம் வைக்காமல் குடித்துவிடுவாள். அதை வைத்துத்தான் இவனுக்கு நம்பிக்கை. "பாப்பா பால்குடி மறக்கறதுக்குள்ள எங்கிட்ட நேரா ஒரு வார்த்த பேசிடுவா, பாருங்க சார்." பால்குடி நின்றால் இந்த மதியச் சவாரியும் நின்றுவிடும் என்பது அவனுக்குத் தெரியும். அவனைப் பார்க்க எனக்குக் கோபமாகவும் வரும், பாவமாகவும் இருக்கும். அன்றைக்கு அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!

நேற்று உள்ளே குழந்தை வீறிட்டு அழுதது. பூண்டைப் போட்டுவிட்டு எழுந்தான். ஆண்கள் நுழையக் கூடாத அறை, வாசலிலேயே தவித்தான். ஆரோக்கியசெல்வி சிவந்த கண்களோடு வெளியே வந்து குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். ஃபிளாஸ்க்கை நீட்டினான். வாங்கவில்லை.

"உங்கப்பாவ இனிமே அலைய வேணாம்னு சொல்லு பாப்பா."

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் துணிக்கடைப் பக்கம் நடந்தாள்.

குழந்தையின் உதட்டில் அரைத்த வேப்பிலை பச்சையாக ஒட்டியிருந்தது. அன்புச்செல்வன் அதைக் கட்டைவிரலால் மெல்லத் துடைத்தான். பிறகு அந்த விரலைத் தன் வாயில் வைத்துக்கொண்டான்.