தெரியேல்ல எண்டால் இல்லை எண்டில்லை

இரத்தம் எடுக்கிறது எங்கட தொழிலில லேசான வேலை. ரிப்போட்டைக் குடுத்துப்போட்டு எதிரில நிக்கிறவரின்ர முகத்தைப் பாக்கிறதுதான் சீவன் போற வேலை. நான் திருகோணமலை டவுனில ஒரு லாப் கவுண்டரில நிக்கிறன். நீங்களும் எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால நிண்டு பேச்சு வாங்கிறவரெண்டால், இதை வாசிச்சுக் கொஞ்சம் ஆறுங்கோ.

முஸ்கற் வந்த நாள்

மூதூரில மீன் வியாபாரம் செய்யிற சலீம் நானாவுக்கு ஹெப்படைட்டிஸ் பி. கன காலமாக் குளிசை விழுங்கிறார். அந்த முறை இரத்தத்தில கிருமி எவ்வளவு எண்டு பாக்கிற சோதனையில 'தெரியேல்ல' எண்டு வந்தது. குளிசை வேலை செய்யுது, மெஷினுக்கு அம்பிடுற அளவுக்குக் கிருமி இல்லை, அவ்வளவுதான். ஈரலுக்குள்ள அது பதுங்கித்தான் கிடக்கும். நான் வாயைத் திறக்க முதலே மனுசன் ரிப்போட்டை மடிச்சுப் பொக்கற்றில வைச்சிட்டார்.

பின்னேரம் புருசனும் பெஞ்சாதியுமா ஒரு பெட்டி முஸ்கற் இனிப்போட வந்தினம். கோப்பையால இது தொத்தாது எண்டு அவரின்ர மனுசி ரஹீமாவுக்கு எத்தினை தரம் சொல்லியிருப்பன். அவ கேட்டாத்தானே. அண்டைக்குச் சிரிச்சுக்கொண்டு சொன்னா: "இவர்ர கோப்பைய இவ்வளவு நாளும் புறம்பா வெச்சிருந்தன், புள்ள. இண்டைக்கு எல்லாத்தோடயும் சேத்துக் கழுவிட்டன்."

ரெண்டு தாள் சண்டை

அடுத்த முறை கிருமி தெரியேல்ல. ஆனா கிருமியின்ர மேல்தோலைத் தேடுற மற்றச் சோதனையில 'இருக்கு' எண்டு வந்தது, அதுவும் கூடின அளவில. ஈரல் ஏற்கெனவே தழும்பு பட்டது, கட்டி வரலாம், ஆறு மாதத்துக்கொருக்கா ஸ்கேன் எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லியிருந்தவர். நானும் சொன்னன். குளிசையை விடாத மனுசன் ஸ்கேனை விட்டிட்டார். கேட்டதுக்கு என்னிலதான் பாய்ஞ்சார்: "ஒரு தாள் இல்லெண்டுது, மற்றது இரிக்கெண்டுது. முதல்ல உங்கட ரெண்டு மெஷினும் கதைச்சு ஒரு முடிவுக்கு வரட்டும்."

மூண்டாவது தாள்

பிறகு வரேக்க சேட்டு தோளில தொங்கினது, வயிறு மட்டும் ஊதியிருந்தது. கட்டிக்குப் பாக்கிற சோதனை எக்கச்சக்கமாக் கூடியிருந்தது. ஸ்கேனில பெரிய கட்டி, வெட்டி எடுக்க ஏலாது. கிருமிச் சோதனையில அப்பவும் 'தெரியேல்ல'தான்.

எனக்கு அழுகை வந்திட்டுது. கவுண்டரில நிண்டு அழ ஏலாதே, பேனை விழுந்த மாதிரிக் குனிஞ்சன். நிமிரேக்க அவர் ரிப்போட்டைத் தடவிக்கொண்டிருந்தார். குரல் உயத்தாமத்தான் கேட்டார்: "கிருமி தெரியேல்லண்டுதானே போட்டிருக்கு, புள்ள? அப்ப எது என்னத் திண்டது?"

தம்பியின்ர பொக்கற்

நானா மௌத்தாகி, வீட்டுக்குள்ள இத்தா இருந்த நாலு மாதமும் பத்து நாளும் முடிஞ்ச கையோட ரஹீமா அவரின்ர தம்பி நஸீரைக் கூட்டிக்கொண்டு வந்தா. அவருக்கும் அதே வருத்தம். தமையன் தம்பி ரெண்டு பேருக்கும் பிறக்கேக்கயே தாயிட்ட இருந்து வந்தது. ரிப்போட்டில 'தெரியேல்ல'. நஸீருக்கு முகம் மலர்ந்துபோச்சு, தமையனைப்போலவே மடிச்சுப் பொக்கற்றில வைச்சார். ரஹீமா அதைப் பொக்கற்றில இருந்து உருவி என்னட்ட நீட்டினா: "இல்லண்டு மட்டும் இவனுக்குச் சொல்லிராதீங்க, புள்ள. ஸ்கேனுக்கு நாள் எடுத்துத் தாங்க."

எங்கட லாப்பில எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு, ரிப்போட்டைப் பொக்கற்றில இருந்து உருவி எடுக்கிற ரஹீமாவின்ர வேலைக்குத்தான் மெஷின் இல்லை.